உப்புத் தூவிய ஐஸ்

கடல் பூட்டி அன்றைக்கு நாலாம் நாள். வாடைக்காற்று. தாழமுக்கம் என்று ரேடியோ சொன்னது. அது சொல்ல முன்னமே மாவலித்துறைப் பக்கம் வெள்ளையாய் நுரைத்துக்கிடந்ததை நான் கண்டுவிட்டேன். நெடுந்தீவில் இருந்து ஒரு லோஞ்சும் புறப்படவில்லை. அக்கரைக் குறிகட்டுவானில் இருந்து ஒன்றும் வரவில்லை. கடையில் மாவு முடிந்துவிட்டது. கோயில் சுவாமியும் அக்கரையில் மாட்டுப்பட்டுப் போனார். தீவு ஆஸ்பத்திரி டொக்டர் லீவில் போனவர், அவரும் அங்கேதான்.

என் மேசையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் பெரிய குளிசை, நாளுக்கு ஒன்று. மற்றதில் கப்சூல், காலையில் இரண்டு, பின்னேரம் மூன்று. பன்னிரண்டு கிழமை விழுங்க வேண்டும். ஐந்தாம் கிழமை நடந்துகொண்டிருந்தது. பெரிய குளிசை என் ஈரலில் இருக்கிற கிருமியைக் கொல்லும். கப்சூல் அதற்குத் துணை. துணைக்குப் போகிற வழியில் அது என் இரத்தத்தையும் தின்னும்.

இது நானாகக் கட்டின கதையில்லை. யாழ்ப்பாணத்தில் டொக்டர் மனோகரி தன் வாயால் சொன்னது. குளிசையைக் கையில் தந்த அன்றைக்கே நான் கேட்டுவிட்டேன்.

"டொக்டரம்மா, உந்தக் கப்சூல் என்ரை ரத்தத்தைத் தின்னும் எண்டு பக்கத்துக் கதிரையிலை இருந்தவன் சொல்லுறான். மெய்யோ?"

"ஓம் ஐயா. மெய்தான்."

இல்லை என்று சொல்லுவா, நானும் நம்பாமல் விட்டுவிடலாம் என்று இருந்தேன். ஓம் என்று சொன்னால் ஒரு மனிதன் என்ன செய்வது?

"தின்னும் எண்டு தெரிஞ்சும் தாறியளோ?"

"உங்கடை ஈரல் இறுகிப்போச்சு. பெரிய குளிசை தனிய நிண்டு வெல்லுமோ எண்டு எனக்கு ஐமிச்சம். ரண்டும் சேந்தால் வெல்லும். ரத்தம் எவ்வளவு இறங்குது எண்டு பாத்துப் பாத்துத்தான் போகோணும். பத்துக்குக் கீழை வந்தால் கப்சூலைக் குறைப்பன். எட்டரைக்குக் கீழை வந்தால் நிப்பாட்டுவன். நீங்களா ஒண்டும் செய்யக் கூடாது. ஆரும் இரும்புக் குளிசை தந்தாலும் போடாதேங்கோ. உது இரும்பு காணாமல் வாற குறை இல்லை. இருக்கிற செல்லு உடையிற குறை."

எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் இலக்கம் இறங்குவது என்றால் என்ன என்று விளங்கும். இருபது வயதில் ஈயக்குண்டு கட்டின நூலை விட்டு எத்தனை பாகம் தண்ணீர் என்று பார்த்தவன் நான். தொடங்கும்போது என் இரத்தம் பதின்மூன்று நாலு. இரண்டாம் கிழமை பதினொன்று இரண்டு. பதின்மூன்று பாகத் தண்ணீர் பதினொரு பாகத்துக்கு வந்தால் கல் கிட்டுகிறது என்று அர்த்தம்.

இந்த வருத்தம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சண்டைக் காலத்தில் ஷெல் குண்டுத் துண்டு ஒன்று என் தொடையைக் கிழித்தது. ஒரு கொட்டிலுக்குள் மர வாங்கில் படுக்கப்போட்டு, யாரோ ஒருவனுடைய இரத்தத்தை எனக்கு ஏற்றினார்கள். அவன் முகத்தை நான் காணவில்லை. அந்த இரத்தத்தில் பிழைத்து எழும்பினேன். அதற்குள்தான் இந்த ஹெபரைற்றிஸ் சி வந்திருக்கும் என்று மனோகரி டொக்டர் சொல்கிறா. முப்பது வருசத்துக்கு மேல் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. போன வருசம் ஓத வீக்கத்துக்கு வெட்டப் போன இடத்தில் இரத்தம் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு இரத்தம் தந்தவனும் நல்லது செய்கிறேன் என்றுதான் தந்திருப்பான். ஆகவே எனக்கு நல்லது செய்கிறோம் என்று வருகிறவர்களை நான் இரண்டு தரம் பார்ப்பேன்.

நாலாம் கிழமை இரத்தம் எடுக்க வேண்டி வந்தது. எங்கள் தீவில் எடுக்கலாம், சோதிக்க ஏலாது. அதற்கு மெசின் இல்லை. தாதிப் பிள்ளை பிரியவதனி விடியவே எடுத்து, சின்ன வெள்ளை நுரைப்பஞ்சு ரெஜிபோம் பெட்டியில் வைத்து, பிளாஸ்ரர் ஒட்டினா. ஏழு மணி லோஞ்சில் போனால் அக்கரையில் ஆஸ்பத்திரி வான் வந்து வாங்கும். அன்றைக்கு வார்ட்டில் பிள்ளைப்பேற்றுக்காரி ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள். பிரியவதனிக்கு நகர ஏலவில்லை.

"குடும் பிள்ளை, நான் துறைக்குத்தானே போறன். லோஞ்சிலை வேலை செய்யிற சுஜிதனிட்டைக் குடுத்துவிடுறன்" என்றேன்.

"அப்பு, நிமித்தியே வைச்சிருங்கோ. ஆட்டாதேங்கோ. திறக்கவும் வேண்டாம்."

திறக்க வேண்டாம் என்று சொன்னால் எனக்குத் திறக்க வேண்டும் போல் இருக்கும். துறையில் லோஞ்ச் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டு வந்தது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். குளிரவில்லை. பிளாஸ்ரரை உரித்தேன். உள்ளே ஒரு ஐஸ் பையைப் பேப்பரால் மூன்று சுற்றுச் சுற்றி, இரத்தப் போத்தலை அதில் படாமல் தள்ளி வைத்திருந்தா. எனக்குச் சிரிப்பு வந்தது. படித்த பிள்ளை, ஆனால் ஒரு சாமானைக் கெடாமல் அனுப்பத் தெரியவில்லை. ஐஸில் படாத மீன் அக்கரைக்குப் போய்ச் சேருமா?

நான் நாற்பத்தைந்து வருசம் மீன் அனுப்பினவன். மீன் வாடிக்காரனிடம் இரண்டு கை இடித்த ஐஸ் வாங்கினேன். ஐஸுக்கு உப்புத் தூவினால் கடுங்குளிர் பிடிக்கும், கணவாய் கல்லாய்ப் போகும். ஒரு பிடி உப்பும் வாங்கித் தூவினேன். பேப்பரை எறிந்துவிட்டுப் போத்தலை நடுவில் புதைத்தேன். திரும்ப ஒட்டி, லோஞ்ச் வந்ததும் சுஜிதனிடம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து மனுசியிடம் பெருமையாகச் சொன்னேன். அல்போன்சம்மா அரிசி கழுவிக்கொண்டு நின்றவள்.

"கண்டறியாத வேலை. அந்தப் பிள்ளை படிச்சதோ நீங்கள் படிச்சனீங்களோ?" என்றாள்.

"அது படிச்சது புத்தகம்."

மூன்றாம் நாள் மறுமொழி வந்தது. இரத்தம் சோதிக்க ஏலாமல் போய்விட்டதாம். திரும்ப எடுக்கட்டாம். அதற்குள் காற்று எழும்பிவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. எங்கள் கிணறு வீட்டில் இருந்து முப்பது அடி. முதல் நாள் ஒரு இடத்தில் நின்று மூச்செடுத்தேன். நாலாம் நாள் மூன்று இடத்தில் நின்றேன், கல்வேலியைப் பிடித்துக்கொண்டு. காதுக்குள் யாரோ மரம் அரிகிற மாதிரிச் சத்தம். அல்போன்சம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"உள்ளை வெள்ளைச் சீலை மாதிரிக் கிடக்கு" என்றாள். "ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பப் போறன்."

"கடல் பூட்டிக் கிடக்கு. ஆஸ்பத்திரி என்ன செய்யும்?"

"கடலைத் திறக்கச் சொல்லி ஆரும் கேக்கேல்லை. ஒருக்கா வந்து பாக்கட்டும்."

இதுதான் என் நிலை. கப்சூலைப் போட்டால் இரத்தம் போகும். விட்டால் கிருமி மிஞ்சும். போடவோ விடவோ என்று சொல்ல மனோகரி டொக்டருக்கு ஒரு இலக்கம் வேண்டும். அந்த இலக்கம் கடலுக்கு அங்காலை. அனுப்பின இரத்தத்தை நானே கெடுத்தேனோ என்ற நினைவு அப்போது எனக்கு இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதை ஒரு மூலையில் போட்டு மேலே சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

பின்னேரம் மூன்று மணிக்குப் பிரியவதனி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தா. அந்தக் காற்றுக்கு ஏறி மிதிக்க ஏலாது. கையில் நாடி பிடித்தா, பிரஷர் பார்த்தா. பிறகு மனோகரி டொக்டருக்குப் போன் எடுத்து எல்லாருக்கும் கேட்கப் போட்டா.

"நாடி நூற்றி ஆறு, டொக்டர். நாலடி நடந்தால் மூச்சு வாங்குது. பிரஷர் பறவாயில்லை."

"லாப்காரரோடை இப்பதான் கதைச்சனான்" என்றா டொக்டர். "அந்தப் போத்தலுக்குள்ளை செல்லெல்லாம் உடைஞ்சு தண்ணி சிவப்பாக் கிடந்ததாம். எனக்கு அதுதான் யோசனை. அது போத்தலுக்குள்ளை உடைஞ்சதோ, இவரின்ரை உடம்புக்குள்ளையே உடைஞ்சு வந்ததோ? நீர் எப்பிடி அனுப்பினனீர்?"

"ஐஸ் பையைப் பேப்பராலை சுத்தித் தள்ளி வைச்சனான். முறையாத்தான் அனுப்பினனான்."

"பெட்டி நனைஞ்சு கிடந்ததாம்."

"லோஞ்சிலை கடல் தண்ணி அடிச்சிருக்கும் டொக்டர்."

அல்போன்சம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"அப்ப உடம்புக்குள்ளைதான்" என்றா டொக்டர். "உந்த வேகத்திலை உடையுது எண்டால் காத்திருக்க ஏலாது. கப்சூலை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. நான் நேவிக்குச் சொல்லி போட் கேக்கிறன். ஆளை இண்டைக்கே இஞ்சாலை எடுக்கோணும், ரத்தம் ஏத்த வேண்டி வரும். நீரும் கூட வாரும், வழியிலை ஆள் வேணும்."

"ஓம் டொக்டர்" என்றா பிரியவதனி. குரல் சின்னதாய்ப் போய்விட்டது.

போனை வைத்தா. பிறகு மனுசியைப் பார்த்தா.

"அம்மா, என்ரை பிள்ளைக்குப் பத்து மாதம். அவர் கொழும்பிலை. குவாட்டர்ஸிலை ஆரும் இல்லை. நான் திரும்பி வரும் மட்டும் உங்களோடை விடட்டோ?"

"கொண்டு வா பிள்ளை" என்றாள் அல்போன்சம்மா.

"நான் சுருவில் ஊர்க்காரிதான். கடல் பாத்து வளந்தனான். எண்டாலும் எனக்கு நீந்தத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, சிரிக்கிற மாதிரி ஒன்று செய்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனா.

உண்மையைச் சொல்கிறேன். கப்சூலை நிப்பாட்டு என்ற சொல் காதில் விழுந்தபோது எனக்கு நெஞ்சு லேசாய்ப் போனது. ஐந்து கிழமையாய் நான் ஆசைப்பட்டது அதுதான். நானாக நிப்பாட்டவில்லை, டொக்டர் நிப்பாட்டினா. யாரும் என்னைக் குறை சொல்ல ஏலாது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

அல்போன்சம்மா கதவை அடைத்துவிட்டு வந்தாள். காற்றுக்கு அல்ல.

"என்னப்பா, உப்பு ஐஸ் கதையைச் சொல்லுறியளோ?"

"உனக்கேன்? டொக்டர் உடம்புக்குள்ளை எண்டு சொல்லுறா."

"நீங்கள் சொல்லாதபடியால் அப்பிடிச் சொல்லுறா."

"மெய்யா உடம்புக்குள்ளையும் இருக்கலாம்."

"இருக்கலாம். உப்புக்குள்ளையும் இருக்கலாம். அதை அவவல்லோ யோசிக்கோணும். அரைவாசியை மறைச்சுப்போட்டு மற்ற அரைவாசியைக் காட்டினால் அவ என்னெண்டு யோசிக்கிறது?"

"எனக்கு அந்தக் கப்சூல் வேண்டாம்."

"வேண்டாம் எண்டால் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஆம்பிளை மாதிரி. அந்தப் பொடிச்சியைக் கடலிலை இறக்கிப்போட்டோ சொல்லப் போறியள்?"

நான் வெளியே போனேன். கல்வேலியைப் பிடித்துப் பிடித்துப் போனால் ஒழுங்கை முனையில் இருந்து கடல் தெரியும். நின்று பார்த்தேன். வாடை நீரோட்டத்துக்கு எதிரே அடித்தது. அப்படி அடிக்கும்போது அலை நீண்டு வராது. குட்டையாய், செங்குத்தாய், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி வரும். வள்ளம் ஒன்றில் இருந்து எழும்ப முன்னம் அடுத்தது வந்து விழும். நேவிப் பொடியள் வருவார்கள். வரச் சொன்னால் வரத்தான் வேண்டும், அவங்களுக்கும் வேறு வழியில்லை. போன வருசம் இப்படி ஒரு நாளில் பிள்ளைத்தாச்சி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு போனவர்கள். அது தேவை. அவளுக்கு உயிர் போகிற காரியம்.

இது என்ன காரியம்? ஒரு பிடி உப்பு.

திரும்பி வர எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. அதற்குள் பிரியவதனி வந்துவிட்டா. குழந்தையைத் துவாயால் சுற்றி நெஞ்சோடு கட்டியிருந்தா. கையில் ஒரு பை. பைக்குள் இருந்து ஒவ்வொன்றாய் எடுத்து மேசையில் என் டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்தா. பால்மா, போத்தல், இரண்டு சட்டை, காய்ச்சல் மருந்து.

"ஆறு மணிக்குப் பால். அழுதால் தோளிலை போட்டு நடக்கோணும் அம்மா. இருந்துகொண்டு ஆட்டினால் விடமாட்டாள்."

"பிள்ளை" என்றேன். "போனை எடும்."

"அப்பு, போட் வந்திடும். உடுப்பை மாத்துங்கோ."

"அந்தப் பெட்டியை நான் திறந்தனான்."

குழந்தையின் கட்டை அவிழ்த்துக்கொண்டு நின்றவ அப்படியே நின்றா.

"எந்தப் பெட்டி?"

"ரத்தப் பெட்டி. உம்மடை ஐஸ் காணாது எண்டு நினைச்சு வாடியிலை ஐஸ் வாங்கிப் போட்டனான். உப்பும் தூவினனான். போத்தலை அதுக்குள்ளை தாட்டு வைச்சனான்."

"உப்போ?"

"உப்புத்தான். கடுங்குளிர் பிடிக்க."

"அப்பு, அது ரத்தம். கணவாய் இல்லை."

"கெடக் கூடாது எண்டுதான் செய்தனான்."

"உறைஞ்சால் ரத்தச் செல்லு வெடிக்கும். அதுக்குத்தானே பேப்பர் சுத்தினது." அவ சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும். "முதல் போன் கதைக்கேக்கை நீங்கள் பக்கத்திலைதானே இருந்தனீங்கள்?"

"இருந்தனான்."

"நான் பிள்ளையின்ரை சாமானெல்லாம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறன்."

அல்போன்சம்மா போய் அவவின் கையில் இருந்த போத்தலை வாங்கினாள்.

டொக்டர் போனில் வந்ததும் பிரியவதனி போனை என்னிடம் நீட்டினா. நானே சொன்னேன்.

"ஐயா, சலம் போகேக்கை என்ன நிறம்? தேத்தண்ணிச் சாயம் மாதிரிப் போகுதோ?"

"இல்லை. வைக்கோல் நிறம். எப்பவும் போல."

"நெஞ்சு நோகுதோ?"

"இல்லை. மூச்சுத்தான்."

"கண் மஞ்சளோ பிள்ளை, பாரும்."

பிரியவதனி யன்னல் பக்கம் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தா. முன்பு தொட்ட கை மாதிரி இல்லை. "இல்லை டொக்டர்."

"சரி. அப்ப அந்தச் சிவப்புத் தண்ணியை நான் கணக்கிலை எடுக்கேல்லை. ரத்தம் குறைஞ்சிருக்கு, அது தெரியுது. எவ்வளவு எண்டுதான் தெரியாது. இந்தக் கடலுக்கை போட்டிலை எடுக்கிற அளவுக்கு இல்லை. நேவிக்கு வேண்டாம் எண்டு நான் சொல்லுறன். ஐயா, கப்சூல் காலமை ஒண்டு, பின்னேரம் ரண்டு. ஐஞ்சு இல்லை, மூண்டு. பெரிய குளிசையை ஒருநாளும் விடக் கூடாது. நடக்காதேங்கோ, தண்ணி அள்ளாதேங்கோ. நெஞ்சு நோ வந்தால், சலம் கறுத்தால், கடல் எப்பிடி இருந்தாலும் போட் வரும். கடல் திறந்த முதல் லோஞ்சிலை என்னட்டை வாங்கோ. போத்தல் வேண்டாம். நீங்களே வாங்கோ."

"சரி."

"நீங்கள் சொல்லாட்டி நான் கப்சூலை முழுக்க நிப்பாட்டியிருப்பன், தெரியுமோ?"

"தெரியும். அதுக்குத்தான் சொல்லாமல் இருந்தனான்."

"அதுவும் விளங்குது" என்றா டொக்டர்.

பிரியவதனி பால்மாவையும் சட்டையையும் திரும்பப் பைக்குள் வைத்தா. அல்போன்சம்மா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். குடிக்கவில்லை. குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு காற்றுக்குள் இறங்கினா. வாசலில் நின்று திரும்பி, "நாளைக்கும் மறுநாளும் வந்து பாப்பன் அப்பு" என்றா. வந்தா. நாடி பிடித்தா, கண்ணைப் பார்த்தா, சலம் என்ன நிறம் என்று கேட்டா, போனா. வேறு ஒரு சொல் கூடுதலாய்ப் பேசவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் கதிரையில் இருந்தேன். கிணற்றடிக்கும் போகக் கூடாது. கதவைத் திறந்தால் கல்வேலி, அதற்கு அங்காலை ஒழுங்கை, அதற்கு அங்காலை நாலு பக்கமும் கடல். வல்லிபுரம் என்கிற என் கூட்டாளி, மாட்டுக்காரன், மருமகளுடைய இரும்புக் குளிசை மிச்சம் கிடக்கிறது என்று ஒரு பட்டை கொண்டு வந்தான். நான் பிரியவதனி வந்தபோது அதை எடுத்து நீட்டினேன். வாங்கித் தன் பைக்குள் போட்டா. அப்போதுதான் முகத்தில் ஏதோ கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம்.

மூன்றாம் நாள் லோஞ்ச் ஓடியது. சனம் இடம் இல்லாமல் நிறைந்துவிட்டது. என்னைக் கீழ் அறைக்குள் இறக்கி ஒரு வாங்கு மூலையில் இருத்தினார்கள். கடலில் கிடந்தவனுக்கு அது ஒரு தண்டனை. யன்னல் இல்லை, டீசல் மணம், முன்னாலும் பின்னாலும் முழங்கால்கள். சுஜிதன் தலையை நீட்டி, "என்ன அப்பு, இண்டைக்குப் பெட்டி ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டான். அவனுக்குக் கதை போய்விட்டது. தீவில் கதைக்கு லோஞ்ச் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் இரத்தம் எடுத்து இரண்டு மணித்தியாலத்தில் இலக்கம் வந்தது.

"எட்டு எட்டு" என்றா மனோகரி டொக்டர்.

"எட்டரைக்கு மேலைதானே?"

"மூண்டு புள்ளி மேலை. இரும்புச் சத்து, மற்றதெல்லாம் சரி. கப்சூலைக் குறைச்சு மூண்டு நாள்தான். இனி மெல்ல ஏறோணும். இன்னும் இறங்கினால் நிப்பாட்டுவன். அடுத்த கிழமையும் வாங்கோ, அதுக்கடுத்த கிழமையும் வாங்கோ."

"இறங்காது."

"எப்பிடிச் சொல்லுறியள்?"

"தெரியாது."

அவ சிரிக்கவில்லை. பேப்பரில் எழுதினா. இன்னும் ஏழு கிழமை இருந்தது.

எங்கள் துறைக்கு வருகிற வழியில் கல்லுக்கு நடுவே ஒரு வாய்க்கால் இருக்கிறது. வற்றுத் தண்ணீரில் லோஞ்சின் அடிக்கட்டையான ஏராவுக்கும் கல்லுக்கும் இடையே ஒரு சாண்தான் இருக்கும். பயந்து நடுவில் திருப்பப் பார்த்தவர்கள் எல்லாம் கல்லில் ஏற்றினார்கள். அதற்குள் புகுந்தால் நேரே போய் முடிக்க வேண்டும். அன்றைக்குத் திரும்புகிற லோஞ்ச் அதற்குள் வந்தபோது எஞ்சின் சத்தம் குறைந்ததை வைத்து எனக்குத் தெரிந்தது. கீழ் அறைக்குள் இருந்து ஒன்றும் தெரியவில்லை. முழங்கால்களுக்கு நடுவே அசையாமல் இருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பின்னேரக் குளிசை நேரம். அல்போன்சம்மா சோற்றைப் போட்டு வைத்திருந்தாள். வெறுவயிற்றில் போடக் கூடாது. நான் டப்பாவைத் திறந்து கையில் கொட்டினேன். பழக்கத்தில் மூன்று விழுந்தது. ஒன்றைத் திரும்ப உள்ளே போட்டேன்.

"எண்ணிப் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"நீயும் எண்ணிப் பார்" என்று கையை நீட்டினேன்.

"ரண்டு" என்றாள்.

விழுங்கினேன்.